ஏழு நாட்டு மேசையில் அக்காவும் தங்கையும்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவள் பவர்தான். கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. கடையிலிருந்து வரும் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்குத் தூரத்துல நடக்கிறது எல்லாம் பளிச்சுன்னு தெரியும், தன் மூக்கு நுனியில இருக்கிறது தெரியாது. கட்டாயம் யாரோ ஒருத்தரோட மாமியார்" என்று சொல்லி இயந்திரத்தை ஓட விடுவாள். பக்கத்து மேசைப் பெண்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். தேய்த்து முடித்த லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அசைத்து அசைத்துப் பார்ப்பாள். கால் பவர் பிசகினாலும் அவள் கையிலிருந்து போகாது.

அந்தப் பட்டப்பெயருக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை மதியம் பட்டறை மூடியதும் அவள் நேராகப் போவது சலவைக் கடை மாடிக்கு. அங்கே ஒரு பெரிய மேசை, மேசை முழுக்க ஒரு வரைபடம், சுற்றி ஏழு நாற்காலி. ஏழு பேரும் ஏழு நாடு, விளையாட்டுப் பேச்சில் ஏழு பவர். தாயம் உருட்டும் வேலை இல்லை, சீட்டு கலைக்கும் வேலை இல்லை, அதிர்ஷ்டத்துக்கே இடமில்லை. ஒரு படையை இன்னொரு படை தனியாக நின்று அசைக்க முடியாது. இன்னொரு படை, பெரும்பாலும் வேறு நாட்டுப் படை, துணைக்கு வந்தால்தான் பக்கத்து ஊரைப் பிடிக்கலாம். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கால் மணி நேரம் பேச்சுக்கு விடப்படும். இரண்டிரண்டு பேராக மாடிப்படியில், பால்கனியில், கீழே இஸ்திரி போடும் அறையில் போய்க் குசுகுசுவென்று பேசுவார்கள். நீ எனக்குத் துணைக்கு வா, நான் உன் எல்லைக்கு வரமாட்டேன், இப்படி. பிறகு எல்லோரும் தங்கள் கட்டளையைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். ஒரே நேரத்தில் பிரித்துப் படிக்கும்போதுதான் யார் சொன்னதைச் செய்தார்கள், யார் காலை வாரினார்கள் என்று தெரியும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று விதி கிடையாது. பதினெட்டு ஊர் யார் கைக்கு வருகிறதோ அவர் ஜெயித்தார்.

ஒன்பது வருஷத்தில் அதிகம் ஜெயித்தவள் பவர்தான். அவளுடைய வழி ரொம்ப எளிமையானது. "நண்பன்னு ஒருத்தன் கிடையாது. இந்தச் சுற்றுக்கு உதவுறவன், அடுத்த சுற்றுக்கு உதவுறவன், அவ்வளவுதான்" என்பாள். வீணாகப் பொய் சொல்ல மாட்டாள். வீணாக உண்மையும் சொல்ல மாட்டாள். யாராவது ஏமாந்து போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "என்மேல ஏன் கோபம்? எனக்கு அதுல என்ன லாபம்னு நீங்க பார்த்திருக்கணும்" என்று பாடம் வேறு நடத்துவாள். ஒருவருக்கும் அவள்மேல் பகை இல்லை. பயம் இருந்தது. அவள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த மேசையில் அவளுக்கு இணையாக நின்றவர் ஒருவர்தான்: கீழே சலவைக் கடைக்கு அடுத்த கதவில் மருந்துக் கடை வைத்திருந்தவர். அறுபதை நெருங்கியவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். அவரும் அவளும் சேர்ந்தால் மற்ற ஐந்து நாடும் ஆட்டம் காணும். எட்டாவது சுற்று வரைக்கும் சேர்ந்து அடிப்பார்கள். ஒன்பதாவதில் இரண்டில் ஒருவர் மற்றவர் முதுகில் குத்துவார். டப்பா திறந்ததும் குத்துப்பட்டவர் தலையை ஒரு முறை ஆட்டுவார், குத்தியவரும் ஆட்டுவார். அதோடு சரி. அந்தத் தலையாட்டலுக்காகத்தான் அவள் வாரம் முழுக்க லென்ஸ் தேய்த்தாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

அப்படி இருக்கும்போது ஏழு பேரில் ஒருத்தியான நர்ஸுக்கு வேலை மாற்றலாகி அவள் போய்விட்டாள். ஆறு பேரை வைத்துக்கொண்டு ஏழு நாட்டை ஆள முடியாது. அந்த நேரம் பார்த்து பவருடைய தங்கை, கணவனுக்கு இந்தப் பக்கம் வேலை கிடைத்ததால், இரண்டு தெரு தள்ளிக் குடிவந்திருந்தாள். முடி வெட்டும் கடை ஒன்றில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

"ஒரு நாளைக்கு வந்து உட்காரு. ஆள் கிடைக்கிற வரைக்கும்தான்" என்று பவரேதான் கூப்பிட்டாள். பின்னால் அவள் பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்துப் பார்த்தது இதைத்தான். யாரும் கேட்கவில்லை. அவளே வாயைத் திறந்து, அவளே கூப்பிட்டாள்.

தங்கை அவளைவிட ஆறு வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் அக்கா வாங்கிய மார்க்கில் பாதிகூட வாங்கியதில்லை. ஆனால் ஆண்டு விழாவில் ஆசிரியர்கள் வந்து கன்னத்தைக் கிள்ளியது தங்கையை. அப்பா வேலையிலிருந்து வந்ததும் முதலில் கூப்பிட்டது தங்கையை. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் மடியில் உட்காரச் சொன்னதும் அவளைத்தான். அக்கா நின்றுகொண்டே வருவாள். நிற்கத் தெரிந்தவளை யார் உட்காரச் சொல்வார்கள்?

முதல் சனிக்கிழமை தங்கைக்கு விதிகளே பிடிபடவில்லை. படையைக் கடலுக்குள் நடத்தப் பார்த்தாள். "ஐயோ, நனைஞ்சிடுமா?" என்று கேட்டாள். மேசையே சிரித்தது. மருந்துக் கடைக்காரரும் சிரித்தார். ஒன்பது வருஷத்தில் அவர் சிரித்து பவர் கேட்டதில்லை. மேல் பல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பேச்சுக்கு விட்ட கால் மணி நேரத்தில் தங்கை ஊரைப் பற்றியும் படையைப் பற்றியும் பேசவே இல்லை. மேசையில் ஒரு நாடான சலவைக் கடை அண்ணனிடம் அவர் கை ஏன் இப்படி வெடித்திருக்கிறது என்று கேட்டாள். எந்தக் களிம்பு போட வேண்டும் என்று சொன்னாள். இன்னொரு நாடான ட்யூஷன் வாத்தியாரிடம் அவர் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். அவருக்கு ஒரு அம்மா இருப்பதே பவருக்கு அப்போதுதான் தெரியும். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசி நிமிஷத்தில், "எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களே சொல்லுங்க, நான் என்ன எழுதட்டும்?" என்றாள். டப்பாவைத் திறந்தால் மூன்று பேர் அவளுக்குத் துணை எழுதியிருந்தார்கள். மூன்று பேர்!

"பரிதாபம். புது ஆளுங்கிறதால" என்று பவர் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாளைக்கு என்று வந்தவள் அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். வேறு ஆள் தேடும் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. சலவைக் கடை அண்ணன் மெத்தை வைத்த ஒரே நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். பேக்கரி அம்மா அவளுக்கென்று ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தால் ரயில் நேரம் மட்டும் சொல்லும் சிக்னல்காரர் தன் வீட்டு நாய் குட்டி போட்ட கதையை அவளிடம் முழுசாகச் சொன்னார். தங்கை கொடுத்த வாக்கை ஒரு தடவைகூட மீறவில்லை. தோற்கிற நேரத்திலும், "சொல்லிட்டேனே, பாவம்" என்று துணை எழுதுவாள். முதல் மாதம் ஐந்தாவதாக வந்தாள், இரண்டாம் மாதம் மூன்றாவது, அப்புறம் இரண்டாவது.

பவருக்கு வயிறு எரிந்தது. சொல்வதற்காகச் சொல்வதல்ல, மெய்யாகவே, சாப்பிட்டது தொண்டை வரைக்கும் ஏறிவந்து நின்றது.

"எல்லாரையும் காக்காய் பிடிக்கிறா. நான் இத்தனை வருஷம் மூளையைக் கசக்கி விளையாடுறேன், இவ பல்லைக் காட்டி ஊரைப் பிடிக்கிறா" என்று வீட்டில் கணவனிடம் பொரிந்தாள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இந்த விளையாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், சனிக்கிழமை மதியம் வீடு அமைதியாக இருக்கும் என்பதுதான்.

"உனக்கு என்ன கோபம் அவமேல?"

"கோபம் இல்ல. விளையாட்டைக் கெடுக்கிறா."

"கோபம் இல்லதான்" என்றார் அவர், சாக்ஸைக் கழற்றிக்கொண்டே. "பொறாமை."

அவள் எழுந்து போய், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை இன்னொரு தடவை கழுவினாள்.

மறுவாரம் அவள் வழக்கம்போல மருந்துக் கடைக்காரரைப் படியில் மடக்கினாள். "வடக்குல நீங்க, தெற்குல நான். எட்டு சுற்றுக்கு. வழக்கம்போல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவள் தேய்த்த லென்ஸ். "இந்தத் தடவை வேண்டாம் பவர். உங்க தங்கச்சிகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"வாக்கா? சார், நாம எத்தனை வாக்குக் கொடுத்திருக்கோம், எத்தனையை மீறியிருக்கோம்!"

"ஆமா" என்றார் அவர். "இவங்ககிட்ட மீற மனசு வரல."

அந்தத் திங்கட்கிழமை பட்டறையில் அவள் ஒரு லென்ஸைப் பாழாக்கினாள். நூற்றெண்பது டிகிரியில் வைக்க வேண்டியதை எண்பதில் வைத்துத் தேய்த்துவிட்டாள். சூப்பர்வைசர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ இறந்துபோன செய்தி கேட்டவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

சரி, தங்கை வழியிலேயே போய்ப் பார்ப்போம் என்று பவர் ஒரு முடிவுக்கு வந்தாள். நட்பு என்பது ஒரு கருவி என்றால் அதைத் தனக்குப் பிடிக்கத் தெரியாதா என்ன? அடுத்த சனிக்கிழமை ட்யூஷன் வாத்தியாரைப் பால்கனிக்கு அழைத்துப் போனாள். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"வாத்தியாரே, அம்மா எப்படி இருக்காங்க?"

வாத்தியார் ஒரு அடி பின்வாங்கினார். "ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"பவர் அக்கா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "என்ன திட்டம்னு நேரடியாச் சொல்லிடுங்க. கிழக்கு எல்லைதானே? எடுத்துக்கோங்க. எங்க அம்மாவை எல்லாம் இதுல இழுக்காதீங்க."

பேக்கரி அம்மாவிடம் புடவை நன்றாக இருக்கிறது என்றாள். அந்த அம்மா உடனே தன் படைகளை எல்லாம் அவளுடைய எல்லைக்குத் திருப்பிவிட்டாள். தங்கை சொன்னால் தேனாக இறங்குகிற அதே வார்த்தை, தன் வாயிலிருந்து வந்தால் ஏன் கத்தியாகத் தெரிகிறது என்று பவருக்கு விளங்கவில்லை. அன்று ஆறாவதாக வந்தாள். ஒன்பது வருஷத்தில் அவ்வளவு கீழே இறங்கியதில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் தங்கை வந்து, பால்கனியில் அக்காவை உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, முடியின் நுனியை வெட்டிவிட்டாள். தலையில் கை வைத்துவிட்டால் அவளுக்கு வாய் நிற்காது. கடைக் கதை, வீட்டுக்கார அம்மா கதை என்று போய், "உனக்குத் தெரியுமாக்கா, மருந்துக்கடை சார் கடையைக் கொடுத்துட்டு மக ஊருக்கே போகப்போறார். இன்னும் ரெண்டு மாசம்தான். யார்கிட்டயும் சொல்லிடாதே. சலவைக்கடை அண்ணனுக்கே தெரியாது. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டிருக்கார், பாவம்" என்றாள்.

கத்தரிக்கோல் காதோரம் சரக் சரக் என்று போய்க்கொண்டிருந்தது. பவர் அசையாமல் இருந்தாள்.

"உன்கிட்ட எப்பச் சொன்னார்?"

"போன மாசமே. படியில பேசிட்டிருக்கும்போது. அழுதுட்டார்க்கா."

ஒன்பது வருஷம். நானூறு சனிக்கிழமைக்கு மேல் இருக்கும். ஒன்றாக எத்தனை நாட்டைப் பிடித்திருப்பார்கள்! அவர் போகிற செய்தி நேற்று வந்தவளுக்குத் தெரியும், தனக்குத் தெரியாது. அவர் அழுவார் என்பதே தனக்குத் தெரியாது. கழுத்தில் விழுந்த முடித் துணுக்குகள் குத்தின. துண்டை உதறிவிட்டு எழுந்து உள்ளே போனாள். பின்பக்கம் பாதிதான் வெட்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் தங்கையும் மருந்துக் கடைக்காரரும் சேர்ந்து மேசையின் மேல்பாதியை வளைத்துப் போட்டிருந்தார்கள். பவர் கையில் பதினொரு ஊர். ஏழாவது சுற்றின் பேச்சு நேரத்தில் அவள் சலவைக் கடை அண்ணனைக் கீழே இஸ்திரி அறைக்குக் கூட்டிப் போனாள். சூடான துணியின் வாசனை அறை முழுக்க நின்றது.

"அண்ணே, மருந்துக்கடை சார் கடையை விட்டுட்டு ஊரைவிட்டே போறார், தெரியுமா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "யார் சொன்னா?"

"என் தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கார். போறதுக்குள்ள அவளை ஒரு தடவை ஜெயிக்க வச்சிடணும்னு பார்க்கிறார் போல. நமக்கெல்லாம் எதுக்குச் சொல்லணும்?"

இருபது வருஷமாகச் சுவரைப் பகிர்ந்துகொண்ட பக்கத்துக் கடைக்காரர் அவர். இதைக் கேட்டால் என்ன செய்வார் என்று பவருக்கு லென்ஸ் பவர் மாதிரி துல்லியமாகத் தெரியும். அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறிப் போய், மருந்துக் கடைக்காரரின் தோளைத் தொட்டு, "நீங்க போறீங்களாமே?" என்று கேட்டார். மருந்துக் கடைக்காரர் வெளுத்துப் போனார். தங்கை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு சீட்டு எடுத்து எழுதினார்.

டப்பா திறந்தது. மருந்துக் கடைக்காரரின் இரண்டு படைகள் தங்கையின் துறைமுகத்தைத் தாக்கியிருந்தன. தங்கையோ, சொன்ன வாக்குப்படி, அவருக்குத் துணை எழுதியிருந்தாள்.

"சார்?" என்றாள் தங்கை. அவ்வளவுதான் கேட்டாள். அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் பேசியது முழுக்க அவளுக்கு ஒரு நொடியில் வந்து போவது பவருக்குத் தெரிந்தது. இப்போது சொல்வாள், எல்லோர் முன்னாலும் போட்டு உடைப்பாள் என்று அவள் காத்திருந்தாள். தங்கை சொல்லவில்லை. சீட்டை எடுத்து அடுத்த சுற்றுக்கு எழுத ஆரம்பித்தாள்.

மேல்பாதியில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்த மூன்று சுற்றுக்குள் பவர் பதினெட்டு ஊரைத் தொட்டுவிட்டாள். அவள் ஆடிய ஆட்டங்களிலேயே சுத்தமான ஆட்டம் அதுதான். யாரும் தலையாட்டவில்லை. தங்கை காட்டிக்கொடுக்காமல் இருந்தாளே, அதிலும் அவள்தான் ஒருபடி மேலே போய்விட்டாள் என்று பவருக்கு மறுபடி எரிந்தது.

இறங்கும்போது தங்கை படியிலேயே நின்று சொன்னாள். "மேசையில என்ன வேணும்னாலும் செய்க்கா. நான் உன்கிட்ட அதை மேசையில சொல்லல. உன் முடியைப் பிடிச்சிட்டு நின்னு சொன்னேன்." சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டாள். அடுத்த வாரம் வரவில்லை.

ஆறு பேரோடு ஆட்டம் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கலைந்தார்கள். தங்கைக்கு உடம்பு சரியில்லையா, நாம் யாராவது ஏதாவது சொல்லிவிட்டோமா என்று ஆளுக்கு ஆள் பவரைத்தான் கேட்டார்கள். தான் ஒரு வாரம் வராவிட்டால் இப்படி யாராவது கேட்பார்களா என்று யோசித்துக்கொண்டே, "தெரியல" என்றாள்.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்தாள். புதன்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மருந்துக் கடைக்குப் போனாள். கடையில் கூட்டமில்லை. அலமாரியில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அவர் பெட்டிகளில் மருந்தை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அதை அண்ணன்கிட்ட சொன்னது என் தங்கச்சி இல்ல. நான்."

"தெரியும்" என்றார், நிமிராமல்.

"எப்பத் தெரியும்?"

"அப்பவே. அவர் வந்து கேட்ட உடனே. உங்க தங்கச்சி சொல்லியிருந்தா அதுல அவங்களுக்கு என்ன லாபம்? யாருக்கு லாபம்னு பார்க்கணும்னு நீங்கதானே சொல்வீங்க. உங்களுக்குத்தான் லாபம். அப்ப நீங்கதான்."

பவர் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சும் எதுக்கு அவளைத் தாக்கினீங்க?"

அவர் பெட்டியை மூடினார்.

"ஒரு ஊர் கிடைக்கும்போல இருந்துச்சு. அன்னிக்கு ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்தே அந்தத் துறைமுகம் என் கண்ணை உறுத்திட்டிருந்துச்சு. வாக்குக் கொடுத்ததால விட்டிருந்தேன். நீங்க ஒரு சாக்குக் கொடுத்தீங்க, கப்புன்னு பிடிச்சுக்கிட்டேன். எழுதி முடிச்சப்புறம்தான் அசிங்கமா இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களும் நானும் ஒரே ஜாதிச் சரக்கு, பவர்."

எப்போதோ ஒரு காலத்தில் இந்த வார்த்தையைக் கேட்க அவள் ஏங்கியிருந்தாள். இப்போது அது பிடிக்கவில்லை.

"நீங்க போறதை ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னு ரெண்டு தடவை வாயெடுத்தேன். சொன்னா அதை நீங்க எங்கேயாவது உபயோகிச்சிடுவீங்களோன்னு தோணிச்சு. உங்களைக் குத்தம் சொல்லல. உங்களோட ஆடி ஆடி எனக்கு அப்படி யோசிக்கிற பழக்கம்." பிறகு, அது போதாது என்று நினைத்தவர்போல, "நானா இருந்தாலும் உபயோகிச்சிருப்பேன்" என்றார்.

அவர் பயந்ததைத்தானே அவள் செய்தாள். அதற்கு மேல் கேட்க அவளிடம் எதுவும் இல்லை. தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை நேராகத் தங்கை வேலை பார்க்கும் கடைக்குப் போனாள். உள்ளே மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். மூவரும் தங்கையிடம்தான் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று சும்மா இருந்த இன்னொருத்தியைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். இங்கேயுமா என்று பவருக்குப் பொசுக்கென்று வந்தது. அடக்கிக்கொண்டு நான்காவதாக உட்கார்ந்தாள். முறை வந்தது. தங்கை கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மன்னிப்புக் கேட்க வந்தியா, சனிக்கிழமைக்கு ஆள் பத்தலைன்னு வந்தியா?"

"ரெண்டுக்கும்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகக் கோபப்பட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்காவின் தலையைக் குனிய வைத்து, அன்றைக்குப் பாதியில் நின்ற பின்பக்கத்தைச் சீவினாள்.

"எனக்குப் பொறுக்கல" என்றாள் பவர், குனிந்தபடியே. முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. "எல்லாரும் உன்கிட்ட வந்தாங்க. அவரும் வந்தார். எனக்கு அது பொறுக்கல. சின்ன வயசுலேர்ந்தே பொறுக்கல."

"தெரியும்க்கா. அதென்ன ரகசியமா?" கத்தரிக்கோல் நின்றது. "நீ என்னவோ நான் தானா இனிச்சிட்டிருக்கேன்னு நினைக்கிறே. நானும் ஜெயிக்கத்தான் அவங்க கையைப் பத்தியும் அம்மாவைப் பத்தியும் கேட்க ஆரம்பிச்சேன். உன்னை மாதிரி எனக்குக் கணக்குப் போட வராது. வேற என்ன பண்றது? ஆனா கேட்டுட்டா, அப்புறம் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு நிஜமாவே கவலை வந்துடுது. அதுக்கப்புறம் அவங்க ஊரைப் பிடிக்க மனசு வரமாட்டேங்குது. அதனாலதான் நான் முதலா வர்றதே இல்ல. உனக்கு அந்தத் தொல்லை இல்ல."

இது பாராட்டா திட்டா என்று பவருக்குப் புரியவில்லை. தங்கைக்கும் தெரிந்திருக்காது.

"நான் வர்றேன். அவர் போற வரைக்கும்" என்றாள் தங்கை. "ஆனா உன்கிட்ட இனிமே எதையும் சொல்லமாட்டேன். கொஞ்ச நாளைக்கு."

மருந்துக் கடைக்காரர் போவதற்கு முந்தைய சனிக்கிழமை ஆட்டம் வெளிச்சம் மங்கும் வரை நீண்டது. அன்று ஒரு விஷயம் நடந்தது. பவரும் தங்கையும் முதல் தடவையாகச் சேர்ந்து ஆடினார்கள். தங்கைதான் வந்து கேட்டாள். ஆறாவது சுற்றில் டப்பாவைத் திறந்தால், தங்கையின் மூன்று படைகள் அக்காவின் தலைநகரத்துக்குள் நின்றன. சிக்னல்காரர் துணை எழுதியிருந்தார்.

"இது போன மாசத்துக்கு" என்றாள் தங்கை.

பவர் மெல்லத் தலையை ஆட்டினாள். மருந்துக் கடைக்காரர் பல் இல்லாத இடம் தெரிய விழுந்து விழுந்து சிரித்தார். அவர் எப்போது சிரித்தாலும் அது தங்கை செய்ததற்காகத்தான் என்பது பவருக்கு உறைத்தது. தங்கை முதல் தடவையாக ஜெயித்தாள். வாக்கை மீறித்தான் ஜெயித்தாள். அதற்கும் எல்லோரும் கைதட்டினார்கள். தான் ஒன்பது வருஷம் அதையேதான் செய்தேன், ஒருவரும் கைதட்டியதில்லையே என்று நினைத்துக்கொண்டே பவரும் தட்டினாள்.

அவர் போய்விட்டார். மருந்துக் கடை இருந்த இடத்தில் கைபேசிக் கடை வந்தது. ஏழாவது நாற்காலிக்கு சிக்னல்காரரின் மைத்துனர் வந்தார், ஆட்டம் தொடர்ந்தது. மருந்துக் கடைக்காரர் தங்கையோடு அடிக்கடி பேசுகிறார் என்று பவருக்குத் தெரியும். தங்கை சொல்வதில்லை; சொல்லாமல் இருப்பதே அவளுக்குக் காட்டிக்கொடுத்தது. அவர் பேரனுக்குப் பல் முளைத்தது, மகள் வீட்டில் மேல்தளம் ஒழுகுகிறது என்பதெல்லாம் சலவைக் கடை அண்ணன் வழியாக, மூன்றாம் கையாக, அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது.

ஒரு ஞாயிறு மதியம் கணவர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அவள் கைபேசியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, அவரைக் கூப்பிட்டாள்.

"பவரா?" என்றார் அந்தப் பக்கம். குரலில் உடனே ஒரு ஜாக்கிரதை வந்தது. "என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்ல சார். சும்மாதான்."

அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. இதில் என்ன லாபம் இருக்கும் என்று அவர் தேடுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. தேடட்டும் என்று காத்திருந்தாள்.

"இப்பதான் உங்க தங்கச்சி பேசிட்டு வச்சாங்க" என்றார்.

தொண்டை வரைக்கும் அந்தப் பழைய எரிச்சல் ஏறி வந்தது. அவள் அதை விழுங்கினாள். சரியாக இறங்கவில்லை. இருந்தாலும் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மேல்தளம் ஒழுகுதுன்னு சொன்னாங்களே சார், சரி பண்ணியாச்சா?"

"எங்கே!" என்றார் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "அதை ஏன் கேட்கிறீங்க, அது ஒரு பெரிய கதை."